ஒத்து ஊதுனவன் சொல்லுறேன், கேட்டுக்க

ஏன் தம்பி, காம்பரா செவத்துல என்னமோ ஒட்டி வச்சிருக்கியே, அது என்ன? பச்சை, செவப்பு, மஞ்சன்னு ஒரே புள்ளியா கெடக்கு. தோட்ட ஆப்பிசுல கழிச்சிப் போட்ட மேப்பாக்கும்னு நெனச்சேன். இல்லையாம். கிட்டாரு கழுத்தாம். அதுல ஏழு 'மோடு' இருக்காம். ஏழுக்கும் ஏழு 'ஷேப்' இருக்காம். ஏழையும் மனப்பாடம் பண்ணிட்டா நீ பெரிய ஆளாம். யாரு சொன்னா? போன்ல ஒருத்தன் சொன்னான். அந்தப் போனுக்கும் லயத்துக்குள்ள சிக்னல் கெடையாது. நமுனுகுலைப் பக்கம் பார்த்துக்கிட்டு பாறை மேல ஏறி நின்னு வித்தை கத்துக்கிட்டு வர்ற. சரி, கத்துக்க. யாரு வேணாம்னா?

அந்த ஏழு பேரையும் ஒருக்கா சொல்லு பார்ப்போம். அயோனியன், டோரியன், ஃபிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன். அடேயப்பா! வாய் வலிக்கலையா? பொண்ணு பார்க்கப் போற எடத்துல சொல்லிப் பாரு, பயந்துக்கிட்டே சம்மதம் சொல்லிருவாங்க.

இப்ப டோரியன வாசி. வாசிச்சியா? அயோனியன வாசி. ஆச்சா? நெசத்தச் சொல்லு, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் கேட்டுச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கல. கொழுந்து நிறுத்துட்டு வந்து இஸ்தோப்புல காலு நீட்டியிருந்த உன் அம்மாவுக்கும் கேக்கல. உனக்கும் கேக்கல, ஆனா ஒத்துக்க மாட்ட. கிட்டாரு சரியில்லைங்குற, கம்பி சரியில்லைங்குற, காலுல மிதிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கணும்ங்குற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு மாசச் சம்பளத்த முழுங்குன கிட்டாருடா அது! அது மேல பழி போடாத.

சங்கதி என்னன்னா, பின்னால போன்ல சி மேஜர் கார்டு ஓயாம ஓடிக்கிட்டிருக்கு. முன்னால நீ எந்தக் கலர்ப் புள்ளியத் தொட்டா என்ன? உன் காது சி-தான் வீடுன்னு முடிவு பண்ணி ஒக்காந்திருச்சு. நீ விரலத்தான் நகர்த்துன. வீட்ட நகர்த்தல. அப்புறம் எங்கேருந்து டோரியன் வரும்?

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நான் கிட்டாரு வாசிச்சவன் இல்ல. மாசி மாசம் காமன் கூத்துக்குத் தப்படிப்பேன். திருவிழாவுக்கு மேளக்காரங்க வந்தா ஒத்து ஊதப் போவேன். ஒத்துன்னா என்ன தெரியுமா? நாயனக்காரரு பக்கத்துல நின்னு ராமுச்சூடும் ஒரே சுரத்த ஊதுறது. ஒரே ஒரு சுரம். மூச்சு அறக்கூடாது. ஊருல எவனாவது எல்லாத்துக்கும் ஆமாஞ்சாமி போட்டா, 'ஒத்து ஊதுறான்'னு கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும். ஒத்து நின்னு போனா நாயனக்காரரு எங்க போயி எறங்குவாரு? எட்டுக்கட்டை ஏறிப் பறந்தாலும் கடைசியில என் சுரத்துக்குத்தான் வரணும். இப்பச் சொல்லு, அங்க ராகத்த நிலை நிறுத்துனது யாரு?

இன்னும் வெளங்கலையா? சரி, நம்ம லயத்தையே எடுத்துக்க. ஏழு காம்பரா, ஒரே வரிசை, ஒரே தகரம். முதக் காம்பராக்காரனுக்கு மாரியம்மன் கோயில் பக்கம், தண்ணிப் பீலி தூரம். கடைசிக் காம்பராக்காரனுக்குப் பீலி காலடியில, கோயில் தூரம். லயம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். இதுல இன்னொரு விசேசம் இருக்கு. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல செவரு மெல்லிசு. ஏழாவதுக்கும், அதத் தாண்டித் தொடங்குற அடுத்த லயத்து முதக் காம்பராவுக்கும் நடுவுலயும் மெல்லிசு. மத்ததெல்லாம் தடிச் செவரு. மெல்லிசுக்கு ஒரு பிரெட்டு, தடிக்கு ரெண்டு பிரெட்டு. உன் மேஜர் ஸ்கேல் இம்புட்டுத்தான். நீ எந்தக் காம்பராவுல குடியிருக்க, அங்கேருந்து எண்ணுனா மெல்லிசுச் செவரு எத்தனாவதா வருது? அதுதான்டா உன் மோடு. இதுக்கு ஏழு கலர்ல பெயிண்டு அடிக்கணுமா?

படத்தக் கிழிக்கச் சொல்லல. நாலு நாளைக்குத் திருப்பி ஒட்டு. அப்புறம் கிட்டார எடு. நீ வேலைக்குப் போயிருந்தப்ப நான் எடுத்து எண்ணிப் பார்த்தேன், கோவிச்சுக்காத.

மூணாவது கம்பியத் தொடாம அடி. அது ஜி. அதே கம்பியில 2, 4, 5, 7, 9, 10, 12-ஆம் பிரெட்டுகள வரிசையா அழுத்திப் போயிட்டு, திரும்பவும் சும்மா கம்பிக்கே எறங்கி வா. போன்ல அந்த சி மேஜர நிறுத்து. அதுலயே சுருதிப்பெட்டி இருக்குல்ல, அத ஜி-யில வச்சி ஓட விடு. போன் இப்பத்தான் ஒத்து ஊதுது, பார்த்தியா? இப்ப கேளு. இதுதான் உன் மிக்ஸோலிடியன். நாயனக்காரரு ஹரிகாம்போதின்னு சொல்லுவாரு.

நாலாவது கம்பிக்கு வா. அது டி. சுருதியையும் டி-க்கு மாத்து. 2, 3, 5, 7, 9, 10, 12. மூணாங் கம்பியில 4-ல வச்ச விரல் இங்க 3-ல விழுந்துச்சு. மத்ததெல்லாம் அச்சா அதே எண்ணுதான். ஒரே ஒரு விரல் ஒரே ஒரு பிரெட்டு எறங்குனதும் காத்தே மாறிப் போச்சா? இதுதான் டோரியன். கரகரப்பிரியா.

அஞ்சாவது கம்பி, ஏ. 2, 3, 5, 7, 8, 10, 12. இப்ப 9 எறங்கி 8 ஆச்சு. ஏயோலியன், நடபைரவி. நீ 'மைனர்'னு சொல்லிக்கிட்டு, காதல் தோத்தவன் மொகத்த வச்சிக்கிட்டு வாசிப்பியே, அதேதான்.

ஆறாவது தடிக் கம்பி, ஈ. 1, 3, 5, 7, 8, 10, 12. 2 எறங்கி 1 ஆச்சு. ஃபிரிஜியன், தோடி. இதுக்குச் சுருதிப்பெட்டி கூட வேணாம். ஆறாங் கம்பிய அதிர விட்டுட்டு முதக் கம்பியில வாசி, அதுவும் ஈ-தான்.

இந்த நாலு கம்பியிலயும் நீ தொட்டது எல்லாம் சி மேஜர் சுரங்கதான். வெளிச் சுரம் ஒண்ணு கூட இல்ல. கம்பிய மாத்துன, வீடு மாறிச்சு, ராகம் மாறிச்சு. மூணாங் கம்பியில தொடங்கி ஆறாங் கம்பி வரைக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே ஒரு விரல் ஒரே ஒரு பிரெட்டு எறங்குது. கிட்டாருக்குச் சுருதி கூட்டி வச்ச மனுசன் இதையெல்லாம் ஒனக்காகவே அடுக்கி வச்சிட்டுப் போயிருக்கான். நீ அத விட்டுட்டு பாறை மேல நிக்கிற!

ரெண்டாவது கம்பி, பி, பாக்கி இருக்கு. அதுல 1, 3, 5, 6, 8, 10, 12. ஆறாங் கம்பியில 7-ல இருந்தது இங்க 6 ஆயிருச்சு. 7-ல இருந்தது யாரு? பஞ்சமம். ச-வுக்குத் தொணையா நிக்கிற ப-வே நழுவிப் போச்சு. வீட்டுல ஒக்காரவே முடியல, இல்ல? இதுதான் லோக்ரியன். கர்நாடக சங்கீதக்காரங்க 72 மேளம்னு தாய் ராகம் போட்டாங்க. எல்லாத்துலயும் ச-வும் ப-வும் அசையாம நிக்கணும்னு சட்டம். அதனால இதுக்கு அந்தப் பெரட்டுப் பட்டியல்ல பேரு விழல. சங்கராபரணத்துல ச-வை நகர்த்தி நகர்த்தி வைக்கிறத அவங்க கிரகபேதம்பாங்க. ரி-யில வச்சா கரகரப்பிரியா, க-வுல தோடி, ம-வுல கல்யாணி, ப-வுல ஹரிகாம்போதி, த-வுல நடபைரவி. நி-யில வச்சா கையை விரிச்சிருவாங்க. நீ போன்ல லோக்ரியன் 'டார்க்கா' இருக்கும்னு கேட்டுட்டு வந்து அதுலயே முழுப் பாட்டுக் கட்டுறேன்னு நின்ன. கட்டு, கட்டு. பெரிய பெரிய ஆளுங்களே தொடப் பயந்த எடம், தம்பி தொட்டுட்டாருன்னு பெருமையா சொல்லிக்கிறேன்.

அந்தக் கிரேக்கப் பேருங்க மேல உனக்கு ஏன் அம்புட்டு மயக்கம்? அதெல்லாம் பழைய கிரேக்கத்துலயும் அதுக்கு அக்கம்பக்கத்துலயும் இருந்த ஊர், சனங்களோட பேரு. நடுக்காலத்துல ஐரோப்பாவுல கோயில் பாட்டுக்காரங்க அதுல சில பேருகள எடுத்து ஒட்டுனாங்க. ஒட்டுறப்ப மாத்தி ஒட்டிட்டாங்க. கிரேக்கன் டோரியன்னு சொன்னது ஒண்ணு, நீ சொல்லுறது வேற ஒண்ணு. அசல் கிரேக்கன் எவனாவது எழும்பி வந்து உன் செவத்தப் பார்த்தா, தன் பேரு எவன் மேல ஒட்டியிருக்குன்னு முழிப்பான். அயோனியனும் ஏயோலியனும் அதுக்கும் பிந்தினது. 1547-ல சுவிட்சர்லாந்துக்காரரு கிளாரியான் 'டோடெகாகார்டன்'னு ஒரு புத்தகம் போட்டாரு. அதுலதான் இந்த ரெண்டும் சேர்ந்துச்சு. அதுக்கு முந்தி மேஜரும் இல்லாம மைனரும் இல்லாமலா சனங்க பாடிக்கிட்டிருந்தாங்க? பாடுனாங்கடா. பேருதான் இல்ல.

நம்மாளுங்ககிட்டப் பேரு இருந்துச்சு. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. எண்ணிப் பாரு, ஏழு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு சுரம். எதக் குரலா வைக்கிறியோ அதுக்கேத்த பாலை பொறக்கும். சிலப்பதிகாரத்துலயே இருக்கு. லோக்ரியன்னு நீ பயங்காட்டுறியே, அதுக்குக் கூட வரிசையில எடம் குடுத்தாங்க, ஒரு கணக்குப்படி அதுதான் செவ்வழிப்பாலை.

இத யாரு தோண்டி எடுத்தா? பதுளையில பஸ் ஏறி பசறை, லுணுகலை, பிபிலைன்னு எறங்கிப் போனா மட்டக்களப்பு வருமில்ல, அதுக்குத் தெக்க காரைதீவு. அந்த ஊருக்காரரு விபுலானந்த அடிகள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில யாழாசிரியனப் பத்தி வர்ற கொஞ்ச அடிகளப் பிடிச்சிக்கிட்டு வருசக் கணக்கா ஒக்காந்து 'யாழ் நூல்' எழுதுனாரு. 1947 ஜூன்ல திருக்கொள்ளம்பூதூர்க் கோயில்ல அரங்கேத்துனாங்க. அடுத்த மாசமே மனுசன் போயிச் சேர்ந்துட்டாரு. கிளாரியானுக்கும் அடிகளுக்கும் நடுவுல சரியா நானூறு வருசம். தற்செயல்தான். அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சி போன்ல போட்டுறாத.

அடிகளுக்கு முந்தியே தஞ்சாவூர்ல ஆபிரகாம் பண்டிதர்னு ஒரு வைத்தியரு இருந்தாரு. 1917-ல 'கருணாமிர்த சாகரம்'னு தடித் தடியா புத்தகம் போட்டவரு. அவரு செம்பாலைன்னா சங்கராபரணம்னாரு. அடிகளு இல்லல்ல, ஹரிகாம்போதின்னாரு. படிச்சவங்க அதுல இன்னமும் மல்லுக் கட்டுறாங்க. நமக்கென்ன வந்துச்சு? லயம் ஒண்ணுதான்னு ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க. எந்தக் காம்பராவுலேருந்து எண்ணத் தொடங்குறதுங்கறதுலதான் வழக்கு. ரெண்டு பெரிய மனுசங்களுக்கே சண்டை வீட்டுலதான் இருக்கு பாரு, ஷேப்புல இல்ல.

கிட்டாரு அமெரிக்காக்காரன் சொத்துன்னும் நெனைக்காத. பதுளையில ரயில் ஏறு. ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புறம் ஹப்புத்தளை. அந்த ஹப்புத்தளையில 1943-ல பொறந்தவருதான் கிளாரன்ஸ் விஜேவர்தன. மூன்ஸ்டோன்ஸ்னு கோஷ்டி கட்டி, சிங்களப் பாட்டுக்குள்ள எலக்ட்ரிக் கிட்டாரக் கொண்டாந்தவரு. தமிழ்ப் பக்கம் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடுனாரு. கல்யாண வீட்டுல இப்பவும் அந்தப் பாட்டுப் போட்டா கெழவி கூட இடுப்ப அசைக்குது. எந்த மோடுன்னு கேட்டுட்டா அசைச்சா?

சங்கராபரணத்துக்கு ஒரு கதை சொல்லுறேன். வெள்ளக்காரத் தொரைமாரு ராசாவ வாழ்த்திப் பாடுற பாட்டு ஒண்ணு உண்டு. பாட்டு முடியிற வரைக்கும் தொரை அசையாம நின்னுக்கிட்டிருக்கணும். அந்த மெட்ட நம்ம முத்துசாமி தீட்சிதர் கேட்டாரு. சங்கராபரணத்துலதான நிக்குதுன்னு, சம்ஸ்கிருதத்துல சாமி பாட்டா எழுதிப்புட்டாரு. நொட்டுஸ்வரம்னு பேரு. ராசாவுக்கு எழும்பி நின்ன மெட்டு, சாமிக்கும் நின்னுச்சு. தீட்சிதர் போனது 1835-ல. இந்த மலையில தேயிலை ஏறுறதுக்கு முந்தியே மனுசன் மேஜர் ஸ்கேல முடிச்சி வச்சிட்டாரு. நீ அத இப்பத்தான் 'அயோனியன்'னு கண்டுபிடிச்சிருக்க.

ஒண்ணு சொல்லிப்புடுறேன், அப்புறம் ஏமாத்திட்டான்னு திட்டாத. ஆறாங் கம்பியில நான் சொன்ன பிரெட்ட அழுத்திட்டு, நான் தோடி வாசிச்சேன்னு மேளக்காரரு முன்னால போயி நின்னுராத. சிரிப்பாங்க. சுரத்த வரிசையா அடுக்குனா அது தோடிக்கு எலும்பு. உசுரு அசைவுல இருக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்துல தோடி எடுத்தா, அந்த ரி-யும் க-வும் ஒரு எடத்துல நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். பிரெட்டு போட்ட கழுத்துல அதக் கொண்டாறது லேசு இல்ல. கம்பிய இழுக்கணும், வழுக்கணும், விரல் நுனி காய்ச்சுப் போகணும். ஆர். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாருலயே முழுக் கச்சேரி பண்ணுறாரு, அதனால முடியாதுன்னு சாக்குச் சொல்லாத. ஆனா அவரு செவத்துல ஒட்டுன புள்ளிய வச்சி அத வாசிச்சிருக்க மாட்டாரு.

அஞ்சு கம்பியில அஞ்சு ராகம் வந்துச்சு. சும்மா கம்பியில வராத பாக்கி ரெண்டு எங்கன்னு இன்னேரம் கேட்டிருக்கணும். கேக்கலயே! சரி, நானே சொல்லுறேன். அஞ்சாங் கம்பியில 3-ஆம் பிரெட்டு சி. அத வீடாக்கிக்கிட்டு 5, 7, 8, 10, 12, 14, 15-ன்னு ஏறு. சங்கராபரணம். ஆறாங் கம்பியில 1-ஆம் பிரெட்டு எஃப். அங்கேருந்து 3, 5, 7, 8, 10, 12, 13. இதுதான் லிடியன், கல்யாணி. லிடியன்னா 'கனவுல மெதக்கிற' சத்தம்னு போன்காரன் சொன்னான்ல? தாய் மூகாம்பிகை படத்துல வர்ற 'ஜனனி ஜனனி' கல்யாணிதான். அதக் கேட்டு எந்தக் கெழவியும் மெதக்கல, கையெடுத்துக் கும்பிடுது. மெதக்குறதும் கும்பிடுறதும் வாசிக்கிறவன் கையில இருக்கு. பேருல இல்ல.

இப்ப ஒரே வீட்டுல ஒக்காந்துக்கிட்டு மாத்திப் பாரு. டி-யவே வீடா வச்சிக்க, சுருதிய அசைக்காத. சங்கராபரணத்துல நி-ய ஒரு பிரெட்டு எறக்கு, ஹரிகாம்போதி. அதோட க-வ எறக்கு, கரகரப்பிரியா. த-வ எறக்கு, நடபைரவி. ரி-ய எறக்கு, தோடி. சங்கராபரணத்துலேருந்து அந்தப் பக்கம் போகணுமா? ம-வ மட்டும் ஒரு பிரெட்டு ஏத்து, கல்யாணி. கம்பி கம்பியா எறங்குனப்ப நடந்ததும் இதேதான். அங்க வீடு நகர்ந்துச்சு, இங்க சுரம் நகருது. இத ராத்திரியில கண்ண மூடிக்கிட்டு, எங்க நிக்கிறோம்னு பார்க்காம, காதால மட்டும் கண்டுபிடிச்சிட்டீன்னா படத்த நீயே கிழிச்சிப் போட்டுருவ. நான் சொல்லத் தேவையில்ல.

என்ன, வாயத் தொறக்குற? மெலடிக் மைனர்ல இன்னும் ஏழு மோடு இருக்காமே, அதுக்கு வேற படம் வருதாமேங்குறியா? வரும், வரும். அதக் கௌரிமனோகரிம்பாங்க. ஹார்மோனிக் மைனரா? கீரவாணி. அதுக்கெல்லாம் அவசரம் இல்ல. அந்த நாலாங் கம்பியில 2, 3, 5, 7-அ ஒழுங்கா வாசிச்சி, சும்மா கம்பிக்குச் சுருதி பிசகாம எறங்கிட்டு வா. வர்றப்ப கடையில வெத்தலையும் பாக்கும் வாங்கிட்டு வா. காசு? ஒத்து ஊதுனவன்கிட்ட ஏதுடா காசு!